கப்பலைத் தவறவிட்ட இருபத்திரண்டு டன்

ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். காசிக்குப் போய் வந்தவர்கள் புத்தகமே போட்டுவிடுகிறார்கள். நான் போனது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து மீஞ்சூருக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் துறைமுகம் வரைக்கும். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். காரில் போனால் ஒன்றரை மணி நேரம். நாங்கள் போனது ட்ரெய்லரில், முதுகில் இருபத்திரண்டு டன் இரும்பைக் கட்டிக்கொண்டு. இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுதலாமா என்று என் மகளிடம் கேட்டேன். "எழுதும்மா, யாரும் போகாத இடம்தானே" என்றாள். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை.

என் பெயர் கிரேஸ். அம்பத்தூரில் ஏற்றுமதிச் சரக்குக் கட்டித் தரும் ஷெட் வைத்திருக்கிறேன். கனமான இரும்புச் சாமான் கடல் தாண்டிச் சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தக்கபடி பலகையும் சங்கிலியும் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சரக்கு துறைமுக வாசலுக்குள் நுழையும் வரை கூடவே போவது என் வழக்கம். என் ஆட்கள் இதை மாமியார் வேலை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த முறை சரக்கு மணிமாறனுடையது. மணி ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். பல வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவன் வெல்டிங் பிரிவு, நான் டிஸ்பாட்ச். அப்போதிருந்தே நான் அவனுக்கு அக்கா. இப்போது பேட்டையின் ஒரு மூலையில் சொந்தமாக ஒர்க் ஷாப் நடத்துகிறான். முதலாளி ஆன பிறகும் முக்கியமான வெல்டிங்கை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான். கென்யாவில் ஒரு கரும்பாலைக்கு, கரும்பு பிழியும் உருளைகளைத் தாங்கி நிற்கும் பெரிய இரும்புச் சட்டம் ஒன்று செய்து கொடுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. அவனுடைய முதல் வெளிநாட்டு ஆர்டர். இது ஆலை நிறுத்தியிருக்கும் காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், இதே மாதிரி இன்னும் மூன்று சட்டங்கள் அவனுக்கே என்று பேச்சு. அந்த மூன்றை நம்பிப் பக்கத்து ஷெட்டையும் வாடகைக்குப் பேசி வைத்திருந்தான்.

விடியற்காலை ஐந்தரை மணி. ஒர்க் ஷாப் வாசலில் ட்ரெய்லர் தயாராக நின்றது. சட்டத்தை முந்தின நாளே பெல்ட் போட்டுத் தூக்கி ஏற்றி, என் ஆட்கள் சங்கிலி போட்டு இறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் பூஜை நடந்திருக்கிறது. தெருவில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் காயவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் காத்துக்கொண்டிருந்தன. நான் சி.எஸ்.ஐ. சபைக்காரி. ஆனாலும் எலுமிச்சம்பழம் நசுங்காமல் வண்டி நகர்ந்தால் எனக்கே என்னவோ போலிருக்கும்.

சரக்கின் மேல் தார்ப்பாய் மூடிக் கட்டியிருந்தது. நான் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சங்கிலியையும் கையால் அசைத்துப் பார்த்தேன். பெயிண்ட் வாடை அடித்தது. அந்தத் தெருவில் பெயிண்ட் வாடை அடிக்காத நாள் உண்டா?

"தார்ப்பாயை நம்ம பசங்களே கட்டிட்டாங்கக்கா. ராத்திரி பனி பெய்யுதுன்னு" என்றான் மணி. புதுச் சட்டை போட்டிருந்தான். நெற்றியில் சந்தனம். கல்யாண வீட்டில் பெண்ணின் அண்ணன் நிற்பானே, அப்படி ஒரு நிற்கமாட்டாத நிற்பு.

டிரைவர் டில்லிபாபு பாடியநல்லூர்க்காரர். என்னை மேலே ஏறச் சொல்லி, சீட்டைத் துண்டால் தட்டிக் கொடுத்தார்.

"யக்கா, ஃபேன் ஓடாது, ஏசி கெடையாது. ஆனா காத்து வரும். போலாமா?"

"மெதுவா போங்க."

"இத்த வச்சிகினு வேகமா வேற போவாங்களா? நம்ம ஊட்ல சொல்ட்டேன், சாயங்காலம் சோத்துக்குத்தான் வருவேன்னு."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி கிளம்பியது. மணி பைக்கில் முன்னால் போனான். அவனுக்குப் பின்னால் ஒர்க் ஷாப் ஆள் ஒருவர், நுனியில் கவை வைத்த நீளமான மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை தெருவுக்குக் குறுக்கே தொங்காத கேபிள் ஒயரே இல்லை. சட்டத்தின் உச்சி ஒயரில் மாட்டினால் ஒரு தெரு முழுக்க டி.வி. போய்விடும். அதனால் ஒவ்வொரு ஒயர் வரும்போதும் பைக்கை நிறுத்தி, மூங்கிலால் ஒயரைத் தூக்கிப் பிடிப்பார்கள். வண்டி அடியில் நுழைந்து போகும். சாமி ஊர்வலத்துக்கு நடக்கும் அதே மரியாதை.

தொழிற்பேட்டையைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. ஐ.டி. கம்பெனிகளின் இரவு ஷிப்ட் முடிந்து, கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் டீக்கடையில் நின்றிருந்தார்கள். ஒரு பெண் எங்கள் வண்டியைப் போனில் படம் பிடித்தாள். டில்லிபாபு உடனே தலையைக் கோதிக்கொண்டார்.

திருமுல்லைவாயில் தாண்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். புதிதாகக் கட்டிய சங்கிலி, முதல் சில கிலோமீட்டரில் ஒருமுறை தளரும். மரம் அமுங்கும், ரப்பர் அமுங்கும், இரும்பு தனக்கு வசதியான இடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது நிறுத்தி இன்னொருமுறை இறுக்க வேண்டும். இறங்கி இறுக்கினோம். இரண்டு சங்கிலிகள் கொஞ்சம் இளகியிருந்தன.

"இவ்ளோ வெயிட்டு, இது எங்கக்கா நகரும்?" என்றார் டில்லிபாபு.

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கனமானது நகராது என்று. தண்ணீர் நிறைந்த குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனவர்களுக்கு உண்மை தெரியும். ஆட்டோ திரும்பும், குடம் நேராகப் போகப் பார்க்கும். கடலில் கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாள் கணக்கில் சாய்ந்துகொண்டே இருக்கும். இருபத்திரண்டு டன்னும் ஒவ்வொரு சாய்வுக்கும் கிளம்பப் பார்க்கும். ஒருமுறை கிளம்பிவிட்டால் கப்பலின் பக்கச் சுவர்கூட அதற்குத் தகரம்தான். அதனால்தான் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பரும் மரமும் வைக்கிறோம். அந்த மரத்தையும் சூட்டில் பதப்படுத்தி, பட்டை ஒட்டாமல் சீவி, முத்திரை குத்தி வாங்க வேண்டும்; இல்லையென்றால் அதற்குள் இருக்கும் பூச்சி ஓசியில் ஆப்பிரிக்கா போய்விடும் என்று அந்த நாட்டுக்காரர்கள் இறக்க விட மாட்டார்கள். இதையெல்லாம் டில்லிபாபுவிடம் சொன்னேன். பூச்சி சமாசாரம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம ஊர் பூச்சிக்குகூட பாஸ்போர்ட்டு கேக்குறானுங்க" என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஏழு மணிக்கு ஆவடி. அத்தோடு சரி. காலைக் கூட்ட நேரம் முடியும்வரை கனரக வண்டி போகக் கூடாது என்று போக்குவரத்துக் காவலர் ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். அது எதிர்பார்த்ததுதான். ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். நான்கு இட்லி, ஒரு வடை, அறுபது ரூபாய். டீ பதினைந்து. மணி சாப்பிடவில்லை. டீயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான்.

"பக்கத்து ஷெட்ல கிரேன் பீம் போடணும்க்கா. மூணு ஃப்ரேமும் ஒரே நேரத்துல ஓட்டினாதான் கட்டுப்படி ஆகும்."

"முதல்ல இது கப்பல் ஏறட்டும்."

"ஏறிடும். ஒரு காதுதானே பாக்கி. நடராஜன் சார் வந்து பார்த்தா பத்து நிமிஷம்."

அந்தக் காதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சட்டத்தின் மேல்புறம் நான்கு மூலையிலும் ஓட்டை போட்ட தடித்த தகடுகளை வெல்டிங் செய்திருக்கும். கிரேனின் கொக்கியை மாட்டித் தூக்குவதற்கு. ஒர்க் ஷாப்பில் அதை லக் என்பார்கள். நான் காது என்றே சொல்வேன். மணியின் இடத்தில் பெல்ட் போட்டுத் தூக்கிவிட்டோம். கப்பலில் அது நடக்காது. அடியில் நாங்கள் கட்டியிருக்கும் மரத் தொட்டிலோடு சேர்த்து, இந்த நான்கு காதுகளைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். ஆகவே ஒவ்வொரு காதின் வெல்டிங்கையும் சாயம் தடவிப் பரிசோதிப்பார்கள். மூன்று காதுகள் சரியாக இருந்தன. நான்காவதில் முடி அளவு விரிசல் தெரிந்தது. மணி அதை முழுக்கச் சீவி எடுத்துவிட்டு, தானே உட்கார்ந்து புதிதாக வெல்டிங் போட்டான். இந்த மாதிரித் தடித்த இரும்பில் போட்ட வெல்டிங், ஆறிய பிறகு ஓரிரு நாள் கழித்தும் விரிசல் விடும். அதனால் உடனே பரிசோதித்துப் பயனில்லை. நாள் விட்டு, துறைமுகத்துக்கு வெளியே லாரிகள் நிற்கும் இடத்துக்கே பரிசோதகர் நடராஜன் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் சரி என்றால், தூக்கலாம் என்று நான் கையெழுத்துப் போடுவேன்.

காவலர் விட்டபோது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. பட்டாபிராம் தாண்டி நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறினோம். அதற்கு மேல் ஒயர் தொல்லை இல்லை. மூங்கிலை வண்டியில் கட்டிவிட்டு, கூட வந்த ஆளை பஸ் ஏற்றி அனுப்பினான் மணி. அகலமான சாலை. வெள்ளானூர்ப் பக்கம் வரும்போது இரண்டு புறமும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு காலத்தில் வெறும் வெளியாகக் கிடந்த இடத்தில் அடுக்குமாடிகள், அவற்றின் பால்கனிகளில் காயும் துணிகள். மனைப்பிரிவுப் பலகைகளில் சிரிக்கும் குடும்பங்கள். எல்லாப் பலகையிலும் ஒரே குடும்பம்தான் சிரிக்கிறது என்று டில்லிபாபு கண்டுபிடித்துச் சொன்னார்.

"நீங்க எவ்ளோ வருசமா இந்த லைன்ல கீறீங்க?" என்று கேட்டார்.

"இருபது இருக்கும்."

"ஒண்ணாச்சும் கவுந்துகீதா?"

"என் கட்டு இதுவரைக்கும் கவுந்தது இல்ல."

"தொட்டுக்கங்கக்கா, மரத்தைத் தொட்டுக்கங்க" என்றார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மூங்கிலைத் தொட்டுக்கொண்டேன்.

மீஞ்சூர் தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்தில் தெரிந்தன. சாலை ஓரமெல்லாம் லாரிகள், அவற்றின் நிழலில் சமைக்கும் டிரைவர்கள். ஒன்றரை மணி சுமாருக்கு லாரி நிறுத்துமிடத்தில் ஒதுங்கினோம். நான்கு மணிக்குள் சரக்கு வாசலுக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கப்பலுக்குச் சரக்கு எடுக்க மாட்டார்கள். இன்னும் நேரம் இருந்தது. நான் கொண்டுவந்த தயிர்சாதத்தை மூன்றாகப் பிரித்தேன். மணி அப்போதுதான் சாப்பிட்டான். இரண்டு வாய் சாப்பிட்டதும், "ஊறுகாய் உங்க வீட்டுதாக்கா?" என்று கேட்டான். அன்றைய தினத்தில் அவன் சந்தோஷமாகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

நடராஜன் தன் பெட்டியோடு வந்தார். தார்ப்பாயை அவிழ்த்தோம்.

நான்கு காதுகளும் பளபளவென்று நீலமாக இருந்தன.

நான்காவது காதின் அடியில் வெல்டிங் வெறும் இரும்பாக, சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் 'பெயிண்ட் வேண்டாம்' என்று மணியே எழுதியிருந்தான். எழுத்தையும் காணோம், வெறும் இரும்பையும் காணோம்.

மணி ஒர்க் ஷாப்புக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். பெயிண்டர் ஆரோக்கியம் எடுத்தார். எனக்கும் பழக்கமானவர், தொட்டால் அழுதுவிடும் ஆள்.

"ஆமா சார், நான்தான் அடிச்சேன். பூஜைக்கு முன்னாடி ஃபுல்லா தண்ணி ஊத்திக் கழுவினாங்க. அப்பால பார்த்தா ஒரே ஒரு எடம் மட்டும் சொட்டையா கீது. ஃபாரின் போற பொருளு, அப்டியா அனுப்புறதுன்னு ரெண்டு கோட்டு நல்லா உட்டேன். இன்னா சார், எதுனா தப்பா பூட்ச்சா?"

பூஜைக்காகக் கழுவியதில் சுண்ணாம்பு எழுத்து போயிருக்கிறது. மஞ்சள், குங்குமம், சந்தனம், எல்லாம் முறைப்படி வைத்து, மிச்சமிருந்த ஒரு குறையையும் ஆரோக்கியம் அக்கறையோடு மூடியிருக்கிறார். யாரைக் கோபித்துக்கொள்வது? இந்தப் பேட்டையில் எந்தச் சாமானும் குளிக்காமல், பொட்டு வைக்காமல் வெளியே போவதில்லை. மணி ஆரோக்கியத்தைத் திட்டவில்லை. "ஒண்ணுமில்ல, வைங்க" என்று மட்டும் சொன்னான்.

நடராஜன் மேலே ஏறி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயிண்ட். ஓர் இரவில் கல்லாகிவிடும்.

"பெயிண்ட் மேல டெஸ்ட் பண்ண முடியாது மேடம். கிரைண்டர் போட்டு அவசரமா உரிச்சா, விரிசல் இருந்தாலும் இழுத்து மூடிடும், எனக்குத் தெரியாது. பெயிண்ட் கரைக்கிற மருந்து தடவி ஊற வெச்சு எடுக்கணும். மருந்து செங்குன்றத்துல கிடைக்கும். வாங்கிட்டு வந்து, உரிச்சு, கழுவி, டெஸ்ட் முடிக்க ஆறு மணி ஆயிடும்."

மணி கப்பல் ஏஜெண்டுக்குப் போன் போட்டான். கெஞ்சினான். நான்கு மணி என்றால் நான்கு மணிதான் என்று பதில் வந்தது. அடுத்த கப்பல் மாதக் கடைசியில். ஆலை நிறுத்தியிருக்கும் காலம் அதற்குள் முடிந்துவிடும்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"அக்கா, உள்ள போயிடலாம்க்கா."

"எப்படி மணி?"

"வாசல்ல யாரும் காதைத் தொட்டுப் பார்க்கப் போறதில்ல. நீங்க எழுதிக் கொடுத்தா எடுத்துக்குவாங்க."

டில்லிபாபுவும் பக்கத்தில் வந்தார். "நாலு காது கீதுல்லக்கா. ஒண்ணு போனாலும் மூணு புடிச்சிக்கும். இவ்ளோ தூரம் வந்துட்டு திரும்பறதா?" அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஒரு காது பிய்ந்தால் மற்ற மூன்றின் மேலும் பாரம் எக்குத்தப்பாக விழும். அவையும் வரிசையாகப் பிய்ந்துகொண்டு வரும்.

எனக்குத் துறைமுகத்தின் உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும். சரக்கு அந்தரத்தில் வரும்போது கப்பலின் வயிற்றுக்குள் ஐந்தாறு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். தலைக்கு மேல் வருவது எவ்வளவு கனம் என்று தெரியும். அதன் காதை யார் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் நிற்கிறார்கள். அந்த யாரோ நான்.

"முடியாது மணி" என்றேன்.

"நான்தான்க்கா போட்டேன். வேற யாரும் இல்ல. என் கையால, அடி ரூட்டுல இருந்து ஒவ்வொரு லேயரா போட்டேன். அதுல ஒண்ணும் இருக்காதுக்கா."

"உன் கை மேல எனக்கு சந்தேகம் இல்ல. பார்க்காம எழுதிக் கொடுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் போட்ட முதல் வெல்டிங்கில் விரிசல் இருந்ததே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

செங்குன்றம் போய் மருந்து வாங்கி வரலாம், ஒருவேளை வாசலை மூட நேரமானால் உள்ளே விடுவார்கள் என்று நடராஜன் தன் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மணி சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, சாவிக்கொத்தால் அந்தக் காதின் மேலிருந்த நீலத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். நகக்கண் அளவுக்குத்தான் வந்தது. நான்கு மணிக்கு வாசல் பக்கமிருந்து வரிசை கலையத் தொடங்கியது. நடராஜன் மருந்தோடு திரும்பி வந்தபோது மணி இறங்கி வந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான்.

"சார், சிரமம் கொடுத்துட்டேன். நாளைக்கு ஷாப்புக்கே வந்துடுங்க."

பைக்கை எடுத்தான். வழக்கமாக, "பத்திரமா வாங்கக்கா" என்பான்.

திரும்பும் வழி ரொம்ப நீளமாக இருந்தது. போகும்போது நாங்கள் தாண்டிய இடங்களெல்லாம் எதிர்ப்பக்கத்தில் அப்படியே வந்தன. பாடியநல்லூர்த் திருப்பத்தைத் தாண்டும்போது டில்லிபாபு தன் வீடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டார். பூச்சி ஜோக்கை அவர் மறுபடி சொல்லவில்லை.

"நீங்க பண்ணது கரெக்டுதான்க்கா" என்றார் கொஞ்ச தூரம் போனபின். "ஆனா அந்த ஆளு மூஞ்சிய பாக்க முடியல."

எனக்கும் அதேதான். செய்தது சரியென்றால் மனசு நிம்மதியாக இருக்கும் என்று சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஆவடிக்குள் நுழைந்ததும் ஒயர்கள் வந்தன. மூங்கில் பிடிக்க இப்போது ஆள் இல்லை. நானே இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூங்கிலைத் தூக்கினேன். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். காலையில் முன்னால் போன பைக்கை என்னை அறியாமல் தேடினேன். அவன் எப்போதோ போயிருந்தான்.

மறுநாள் காலை ஒர்க் ஷாப்பில் ஆரோக்கியமே மருந்து தடவிப் பெயிண்ட்டை உரித்தார். கண் சிவந்திருந்தது. மருந்து நெடி என்றார். நடராஜன் சிவப்புச் சாயத்தைத் தெளித்தார். ஊறவிட்டுத் துடைத்தார். வெள்ளைப் பொடியைத் தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சிவப்பு, வெள்ளைக்கு மேல் கோடாக எழும்பி வரும். நாங்கள் எல்லோரும் மேலே ஏறிக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு கோடு வந்துவிடக் கூடாதா என்று அந்த நேரத்தில் என் மனசு ஆசைப்பட்டது. சின்னதாக, முடி அளவுக்கு ஒரு கோடு. வந்திருந்தால் ஐந்தாறு பேர் உயிரைக் காப்பாற்றினேன் என்று இருந்திருப்பேன். மணியும், "நல்லவேளைக்கா" என்று சொல்லியிருப்பான். இரண்டு பேரும் டீ குடித்திருப்போம்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "சுத்தம்" என்றார் நடராஜன். "ஃபர்ஸ்ட் கிளாஸ் வெல்ட் சார் இது." மணி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

கென்யாக்காரர்கள் பழைய சட்டத்துக்கே ஒட்டுப் போட்டு ஆலையை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். செய்து முடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், மற்ற மூன்றை வேறு இடத்தில் கொடுத்துவிட்டதாகவும் தகவல் வந்தது. பக்கத்து ஷெட்டை இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனி எடுத்திருக்கிறது.

மாதக் கடைசியில் அதே டில்லிபாபு, அதே ட்ரெய்லர், அதே வழி. மணி வரவில்லை. வேலை இருக்கிறது என்று ஆள் அனுப்பினான். எலுமிச்சம்பழம் இருந்தது, பூசணிக்காய் இல்லை. இந்த முறை துறைமுகத்துக்குள்ளும் போய்த் தூக்கும் வரை நிற்க எனக்கு அனுமதி வாங்கியிருந்தேன். ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையும் மாட்டிவிட்டார்கள். கிரேன் நான்கு காதுகளையும் பிடித்தது. சங்கிலி முறுக்கேறியது. சட்டம் தரையை விட்டு எழும்பி, ஆடாமல் அசையாமல் மேலே போனது. கப்பலின் வயிற்றில் ஐந்து பேர் அண்ணாந்து நின்றார்கள். அதில் ஒருவர் கொட்டாவி விட்டார். சட்டம் பலகை மேல் உட்கார்ந்ததும் கப்பல் அதிகாரி ஒருவர் கீழே இறங்கிப் போய், சட்டத்தின் மேல் ஏறி, பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்த நான்காவது காதைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். எந்த நாட்டுக்காரரோ, நல்ல உயரம். மேலே வந்து, யார் செய்த வெல்டிங் என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். மணிமாறன் என்றேன். அவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்க முயன்று, முடியாமல் சிரித்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இந்தச் செய்தியைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. மீஞ்சூரிலிருந்து புறநகர் ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி, அம்பத்தூரில் இறங்கி, நேராக ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ரயில் கட்டணம் பத்து ரூபாய். போகும்போது அரை நாளுக்கு மேல் ஆன தூரம், சீக்கிரமாகவே முடிந்துவிட்டது. எந்தச் சுமையும் இல்லை, கையில் ஒரு குடையைத் தவிர. பேட்டைத் தெருவில் வழக்கமான சத்தம், வழக்கமான பெயிண்ட் வாடை.

மணி தரையில் உட்கார்ந்து, ஏதோ உள்ளூர்க் கம்பெனியின் கேட்டுக்கு வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தான். முகமூடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. பொறி அடங்கும்வரை நின்றேன்.

"மணி, ஏறிடுச்சு. ஒரு பிசிறு இல்லாம ஏறிச்சு. கப்பல் ஆபீசர் இறங்கி உன் வெல்டைத் தடவிப் பார்த்தார். யார் போட்டதுன்னு கேட்டார். ரொம்பப் பாராட்டினார்."

முகமூடியைத் தூக்கினான். வேர்த்திருந்தது. கோபமில்லை, கோபமிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளி, "உக்காருங்கக்கா" என்றான். பிறகு வெல்டிங் ராடை மாற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அன்னிக்கும் அதே வெல்டுதான்க்கா."

முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.